பாராட்டுக்கு ஒரு மறுப்பு

காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியவரின் கையில் எங்கள் வாரப் பத்திரிகை இருந்தது. நான்காக மடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோலப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் தெருவோரம் அவருடைய மொபெட் அணைக்கப்படாமல் படபடத்துக்கொண்டிருந்தது.

"இத எழுதினது நீங்கதானே மதாம்?"

விரித்துக் காட்டினார். நாடக விமர்சனம். கீழே என் பெயர். ஆமாம் என்றேன். உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த விமர்சனத்தில் நாடகக் குழுவையும் விழாக் குழுவையும் வெளுத்து வாங்கியிருந்தேன். பாராட்டியது ஒரே ஒருவரைத்தான். அந்த ஒருவர்தான் இப்போது வாசலில் நிற்கிறார். நன்றி சொல்ல வந்திருக்கிறார், பால் இருக்கிறதா, காபி போடலாமா என்று யோசித்தேன்.

"நான் நல்லா நடிச்சேன்னு எழுதியிருக்கீங்க."

"நல்லா நடிச்சீங்க. எழுதினேன்."

"அது பொய்யின்னு அடுத்த வாரம் போடணும்."

எனக்குச் சுருக்கென்றது. திட்டியதற்காகச் சண்டைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் என் தலைமை ஆசிரியைக்கு மொட்டைக் கடிதமே போட்டிருக்கிறார். புகழ்ந்ததற்காகக் காலங்காத்தாலே சண்டைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான்.

"பொய்யா? எதுங்க பொய்?" என்று குரலை உயர்த்தினேன்.

"நான் அன்னிக்கு மேடை ஏறவே இல்ல மதாம்."

வாயிற்காவலன்

அவர் பெயர் மரியசூசை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் முடித்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படித் திரும்பியவர்களை 'சொல்தா' என்பார்கள்; பெண்களை 'மதாம்' என்பதும் அந்தப் பழக்கம்தான். அரியாங்குப்பத்தில் வீடு. அறுபதைத் தாண்டிய பிறகு நாடக ஆசை பிடித்தது. பிடித்த ஆசையை அவர் பட்டாளத்து ஒழுங்கோடு நடத்தினார். ஒத்திகை ஐந்து மணிக்கு என்றால் நாலே முக்காலுக்கு வந்து நிற்பார்.

நான் அப்போது அரசுப் பள்ளியில் சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி நேரம் போக, உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் நாடகம், கண்காட்சி, புத்தக வெளியீடு என்று எதையாவது எழுதுவேன். பொறுப்பாசிரியர் கண்ணையனுக்கு இதில் எளிமையான கணக்கு. "சரித்திர நாடகம், சரித்திர டீச்சர். வேற யாரு எழுதறது?" என்று அழைப்பிதழை என் பக்கம் தள்ளிவிடுவார்.

அந்த வருடம் வந்தது 'கோட்டைவாசல்'. எங்கள் ஊரில் நாடகம் பார்க்கிற பழக்கமுள்ள வீடுகளில் அதைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. தலைமுறைக்கு ஒரு குழு அதைத் தூசி தட்டி மேடையேற்றும். கதை இதுதான். எதிரி கோட்டையை வளைத்திருக்கிறான். விடியும்வரை யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது என்று அரசன் ஆணையிடுகிறான். அடிபட்டுத் திரும்பும் இளவரசனே வெளியே நின்று கதவைத் தட்டுகிறான். வாயிற்காவலன் திறக்கவில்லை. இளவரசன் வாசலிலேயே சாகிறான். கோட்டை பிழைக்கிறது.

அடுத்த காட்சி அரசவை. அதுதான் நாடகத்தின் உயிர். கோட்டையைக் காத்ததற்காக அரசன் தன் தோளிலிருந்த பட்டை எடுத்துக் காவலனுக்குப் போர்த்த வருகிறான். காவலன் வாங்க மறுக்கிறான். பிள்ளை வெளியே கிடக்கும்போது எனக்கு எதற்கு இந்தப் பட்டு என்று கேட்கிறான். பன்னிரண்டு நிமிடக் காட்சி. பெரிய வசனங்கள் எல்லாம் அரசனுக்கு. காவலனுக்கு இருப்பது நாற்பது வரியும் நிறைய மௌனமும்.

நான் ஒத்திகைக்கும் போயிருந்தேன். முதலியார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். மத்தியானச் சாம்பார் வாடை போகவில்லை, கழுவிவிட்ட தரை ஈரமாக இருந்தது. பட்டு நீண்டபோது மரியசூசை தன் இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். நோட்டில் 'கை' என்று ஒற்றைச் சொல்லை எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

பொன்னாடை என்னும் தொற்று

இங்கே கொஞ்சம் வழி தவறிப் போகிறேன். இதைச் சொல்லாமல் அந்த மாலையைச் சொல்ல முடியாது.

அப்போது ஊரில் பொன்னாடை ஒரு தொற்றாகப் பரவியிருந்தது. பள்ளி ஆண்டு விழாவா, பொன்னாடை. ரத்ததான முகாமா, பொன்னாடை. என் கணவர் ஓய்வு பெற்ற அன்று மட்டும் மூன்று வந்தன. ஒன்று இஸ்திரி மேசைக்கு விரிப்பானது, ஒன்று டி.வி. பெட்டிக்குப் போர்வையானது, மூன்றாவதை ஒரு வரவேற்புக்கு எடுத்துப்போய் இன்னொருவருக்குப் போர்த்திவிட்டு வந்தார். அது மறுபடி எங்கள் வீட்டுக்கே வரும் என்று நான் இன்றுவரை காத்திருக்கிறேன்.

பொன்னாடையின் மேல் எனக்குப் பகை இல்லை. பாட்டோ நாடகமோ நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டுப் போர்த்துகிறார்களே, அதுதான் வயிறெரிய வைக்கும். பிரமுகர் ஆறு மணி விழாவுக்கு ஏழரைக்கு வருவார். வந்ததும் மேடையில் என்ன நடந்தாலும் நிற்க வேண்டும். அவர் ஏற வேண்டும், போர்த்தப்பட வேண்டும், பேச வேண்டும், போக வேண்டும். தாமதமாக வருகிறவருக்கு வெட்கம் இல்லை. நேரத்துக்கு வந்தவர்கள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உழவர்கரையில் தவக்காலத்தில் நடக்கும் பாடுகளின் நாடகத்தைப் பற்றி என் அப்பா ஒன்று சொல்வார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தாமதமாக வந்தாராம். நாடகம் நிற்கவில்லையாம். சிலுவைக் காட்சி முடியும்வரை அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றாராம். அப்பா சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அந்த மிச்சப் பாதிக்குக்கூட எங்கள் காலத்துப் பிரமுகர்கள் தகுதியானவர்கள் இல்லை.

பிணம் எழுந்து கும்பிட்டது

அன்று சனிக்கிழமை மாலை. அரங்க வாசலில் ஆள் உயரப் பிளெக்ஸ் பேனர்கள். எல்லாவற்றிலும் பிரமுகர் சிரித்தார். நாடகத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

முதல் காட்சியிலேயே படைவீரன் ஒருவன் கையில் கடிகாரம் மின்னியது. போகட்டும். அரசன் அணிந்திருந்தது எந்த நூற்றாண்டின் கிரீடம் என்று எனக்குப் புரியவில்லை. அதுவும் போகட்டும். முன்வரிசையில் செல்போன்கள் மாறி மாறிப் பாடின. நான் குறிப்பெடுத்துக்கொண்டே பொறுத்தேன். நாடகம் மெதுவாகப் பிடித்துக்கொண்டது. இளவரசன் கதவைத் தட்டினான். கூடம் அடங்கியது. "திற... நான்தான்... திற..." என்று தேய்ந்த குரலோடு சரிந்து விழுந்து செத்தான். எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

அப்போது எல்லா விளக்குகளும் எரிந்தன.

பிரமுகர் வந்துவிட்டார். நாடகக் குழுவின் செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார். நாற்காலிகள் வந்தன. கோட்டைக் கதவை இரண்டு பேர் தூக்கி ஓரமாகச் சாய்த்தார்கள். பிரமுகருக்குப் பொன்னாடை. அவருடன் வந்தவர்களுக்குப் பொன்னாடை. பிறகு பிரமுகர் பெருந்தன்மையோடு, இந்தத் தம்பி பிரமாதமாகச் செத்தான், அவனுக்கும் ஒன்று போடுங்கள் என்றார்.

பிணம் எழுந்தது. பல் தெரியச் சிரித்துக் கும்பிட்டது. பொன்னாடையை வாங்கிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. பிரமுகர் பேச ஆரம்பித்தார்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆத்திரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதித் தெரு நடந்த பிறகுதான் தெரிந்தது.

என் தப்பு

ஞாயிற்றுக்கிழமை எழுத உட்கார்ந்தேன். கோபம் இருக்கும்போது எழுத்து தானாக வரும். கடிகாரம், கிரீடம், செல்போன், எழுந்த பிணம் என்று எதையும் விடவில்லை. முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஒன்று உறுத்தியது. மேடைக்காரர்கள் செய்த அட்டூழியத்துக்கு அந்த மரியசூசை என்ன செய்வார்? ஒரு நல்ல நடிகரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் விடுவது நியாயமா?

நியாயம் பார்த்தேன் நான். ஒத்திகை நோட்டைத் திறந்து 'கை' என்ற சொல்லைப் பார்த்தேன். 'அரசவைக் காட்சியில் வாயிற்காவலனாக வந்த மரியசூசை, நீட்டிய பட்டின் முன்னால் கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றபோது கூடமே கலங்கியது' என்று ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன். ஒத்திகையில் அப்படிச் செய்தவர் மேடையில் வேறெப்படிச் செய்வார்? யாருக்காவது போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஊரில் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், நான் ஒருத்திதான் சரியாக இருக்கிறேன் என்ற மிதப்பு.

இப்போது அந்த மனிதர் என் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார்.

"மீட்டிங்கு முடிய எட்டரை ஆயிடுச்சி மதாம். ஹால் ஒம்பது மணிக்கு உடணும். நான் வேல்கம்போட ஓரமா நிக்கறேன். செயலாளர் வந்து, அண்ணே, உங்க சீன் இல்ல, நேரா கடைசி சீன் பட்டாபிஷேகம், வந்த பெரியவரு ராஜாவோட போட்டோ எடுத்துக்கினு கெளம்பணும்னுட்டாரு. மீசையைப் பிச்சிப் பாக்கெட்ல போட்டுக்கினு வந்துட்டேன்."

பொன்னாடையை மறுக்கிற காட்சியைப் பொன்னாடை போர்த்துவதற்காக வெட்டியிருக்கிறார்கள். அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செயலாளரைத் திட்டினேன், பிரமுகரைத் திட்டினேன். மரியசூசை அசையவில்லை.

"அவங்கள அப்புறம் திட்டலாம். என் சம்சாரம் கடலூர்லேர்ந்து சொந்தக்காரங்கள எல்லாம் இட்டாந்து மூணாவது வரிசையில ஒக்காந்திருந்துது. நான் வரலன்னு அத்தினி பேருக்கும் தெரியும். இப்ப பேப்பர்ல, கூடமே கலங்கிச்சின்னு. நேத்து பூசை முடிஞ்சி வெளியே வந்தா, கோயில் வாசல்ல சிரிக்கறாங்க. சொல்தா ஆள் வெச்சி எழுதிக்கினாருன்றாங்க. என் சம்சாரமே கேக்குது, நீங்க போயி சொல்லி எழுதச் சொன்னீங்களான்னு."

அவர் குரல் உடைந்தது. முப்பது வருடம் அந்நிய நாட்டில் சம்பாதித்த பெயரை நான் ஒரு பத்தியில் தின்றிருந்தேன். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

"எவனாச்சும் போடுவானா?"

அன்று மாலையே கண்ணையனிடம் போனேன். உழவர்கரையில் மாடியில் இரண்டு அறைகள், அதுதான் பத்திரிகை அலுவலகம். அவர் நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு ஒன்று எப்போதும் போர்த்தியிருக்கும்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், திட்டினதுக்கு மறுப்பு போடலாம். பாராட்டினதுக்கு எவனாச்சும் மறுப்பு போடுவானா? போட்டா இன்னா ஆகும்? டீச்சரு நாடகமே பாக்காம எழுதினாங்கன்னு ஆகும். அப்புறம் நீங்க எழுதின பொணம் மேட்டரையும் எவன் நம்புவான்? அந்தாளு பேரு கெடக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்க பேரு?"

நான் வாதாடினேன் என்று எழுத ஆசைதான். வாதாடவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் மறுத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று மரியசூசையிடம் சொல்லிவிடலாம் அல்லவா? ஊரில் எல்லோர் யோக்கியதையையும் எடை போட்ட நான், என் முறை வந்தபோது கண்ணையனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மரியசூசையிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அடுத்த இதழ் மறுப்பு இல்லாமல் வந்தது.

நாற்காலித் துண்டு

அந்தச் சனிக்கிழமை அரைநாள் பள்ளி. கட்டுரை கொடுக்க அலுவலகம் போயிருந்தேன். கண்ணையன் டீ குடித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் சீரான காலடிச் சத்தம் கேட்டது. மரியசூசை உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், கை வெறுமை.

நான் எழுந்துவிட்டேன். சமாதானமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கண்ணையனிடம் பேசினார்.

"நீங்க மறுப்பு போட மாட்டேன்னீங்களாம். சரி, வாணாம். இன்னைக்கு நான் நடிக்கறேன். மதாம் பாக்கட்டும். பாத்தத எழுதட்டும்."

"ஐயா, இங்க ஆபீஸ்ல..."

"நீங்கதான் ராஜா. ஒண்ணும் பேச வாணாம். பட்டு நீட்டற எடம் வந்தா நீட்டுங்க, போதும்."

கண்ணையன் என்னைப் பார்த்தார். நான் என் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மரியசூசை வாசல்வரை பின்னால் போய், மூச்சு இழுத்து, அரசவைக்குள் நடந்து வந்தார்.

கீழே தெருவில் ஆட்டோக்காரர் ஒருவர் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். காற்றாடி கடகடத்தது. முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அரசனின் வசனங்களுக்கு அவர் காத்திருந்தார். கண்ணையன் பேசாத வசனங்களுக்கு, அதற்கான நேரம் முழுவதும் நின்று, கேட்பதுபோலக் கேட்டார். நடுவில் ஓர் இடத்தில் வரி மறந்து தடுமாறினார். இன்னோர் இடத்தில் குரல் தேவைக்கு மேல் ஏறிப் பட்டாளத்து அதட்டலாகிவிட்டது. ஒத்திகையில் பார்த்ததைவிட இது சுமார்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டு நீட்ட வேண்டிய இடம் வந்தது. கண்ணையனிடம் பட்டு ஏது? அவர் தன்னை மறந்த நிலையில் எழுந்து, நாற்காலியின் முதுகிலிருந்த அந்த வெள்ளைத் துண்டை உருவி இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். ஓரத்தில் டீக்கறை தெரிந்தது.

மரியசூசை அந்தத் துண்டைப் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

காட்சி முடிந்தது. கண்ணையன் துண்டை நீட்டியபடியே நின்றார். திரும்பப் போடத் தெரியாதவர் மாதிரி அப்படியே நின்றார். எனக்குக் கண் எரிந்தது. கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மரியசூசை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எழுதுங்க மதாம். நல்லால்லன்னா நல்லால்லன்னு எழுதுங்க. ஆனா பாத்தத எழுதுங்க" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

கண்ணையன் துண்டைத் திரும்ப நாற்காலியில் போட்டார். "எவ்ளோ எடம் வேணும் டீச்சர்?"

இரண்டாவது விமர்சனம்

அங்கேயே, அந்த மேசையிலேயே எழுதினேன். முதல் வரி: 'இரண்டு வாரத்துக்கு முன் நான் பார்க்காத ஒரு காட்சியைப் பார்த்ததாக இங்கே எழுதினேன்.' அதை எழுதுவதற்குத்தான் நேரமாயிற்று. மற்றதெல்லாம் வேகமாக வந்தது. நான் எழுந்து போனது, காட்சியை வெட்டியது, எதற்காக வெட்டினார்கள் என்பது, மரியசூசை அன்று மேடை ஏறவில்லை, என்னிடம் எதையும் எழுதச் சொல்லவும் இல்லை என்பது. பிறகு அலுவலகத்தில் பார்த்த நடிப்பு. அதட்டல் அதிகம் என்று எழுதினேன். ஒரு வரி மறந்தார் என்று எழுதினேன். கைகளைப் பற்றியும் எழுதினேன். கூடமே கலங்கியது என்று எழுதவில்லை. பார்த்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் கலங்கினோம் என்று எழுதினேன்.

வெளிவந்த வாரம் ஆசிரியர்கள் அறையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பார்க்காமலே திருத்திவிடுவீர்களா டீச்சர் என்று ஒருத்தி விடைத்தாள்களைக் காட்டிக் கேட்டாள். நாடகக் குழுக்காரர்கள் அதற்குப் பிறகு எனக்கு அழைப்பிதழ் அனுப்பவில்லை. நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். பொன்னாடைகளின்போது பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை எந்த நாடகத்திலும் பாதியில் எழுந்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மொபெட் படபடத்தது. மரியசூசை. கையில் பத்திரிகை, இந்த முறை ஒழுங்காக இரண்டாக மடித்திருந்தது. பின்னிருக்கையில் அவர் மனைவி முக்காடிட்டு உட்கார்ந்து எனக்குத் தலையசைத்தார்.

"கோயில் வாசல்ல யாரும் சிரிக்கல மதாம். மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். நான் உள்ளே வரச் சொன்னேன். அவர் நகரவில்லை. பத்திரிகையை விரித்து ஓர் இடத்தில் விரல் வைத்தார்.

"இங்க ஒரு வரி மறந்தேன்னு எழுதியிருக்கீங்க."

"மறந்தீங்க இல்ல?"

"ரெண்டு வரி. ரெண்டாவது நீங்க கவனிக்கல. ராஜா ஒக்காந்த பிற்பாடு வர்ற வரி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதற்கும் ஒரு மறுப்புப் போடச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார்.

"எடம் இருந்தா போடுங்க" என்றார்.

கண்ணையனிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது நான் எழுதிவரும் இந்த நினைவுத் தொடரில் எனக்கு இடம் இருக்கிறது. அன்று மரியசூசை மறந்தது இரண்டு வரி. ஒரு வரி என்று நான் எழுதியது தவறு.